கத்திரி வெயிலில் பச்சிளம் குழந்தையை வெளியே கொண்டுவரலாமா?

பங்குனிக் கடைசியில் மதுரை செல்லூரில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கும் ஓர் இளம் தாயின் கேள்வி இது. குழந்தைக்கு இன்னும் முப்பது நாள் நிறையவில்லை. குடியிருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு; மதியத்துக்கு மேல் உள்ளே இருக்க முடியவில்லை. நாற்பது நாள் வரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது, ஜன்னலையும் திறக்கக் கூடாது என்கிறார் அவருடைய அம்மா. உசிலம்பட்டியிலிருந்து பார்க்க வந்த அத்தை, மஞ்சள் காமாலை போகத் தினமும் காலை வெயிலில் காட்டு என்கிறார். கணவருக்கோ, சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும்போது மகளைத் தூக்கிக்கொண்டு போக ஆசை. யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கோடையில் பிறந்த பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாகப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன். குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்து, நன்றாகப் பால் குடிக்கிறது என்றால், தாராளமாக வெளியே கொண்டுவரலாம். நேரம், நிழல், காற்று, கூட்டம் இந்த நான்கையும் பார்த்துக்கொண்டால் போதும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

பெரியவர்களுக்குச் சூடு ஏறினால் வியர்க்கும், நிழலுக்கு நகர்வோம், தண்ணீர் கேட்போம். பிறந்த குழந்தைக்கு இந்த மூன்றும் கிடையாது. வியர்வைச் சுரப்பி இருந்தாலும் அது இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு மிக அதிகம். அதனால் சுற்றியிருக்கும் சூட்டை அந்த உடம்பு நம்மைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும். போர்த்தியதை உதறத் தெரியாது. குளிரில் எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்து போகுமோ, வெயிலில் அவ்வளவு சீக்கிரம் சூடாகும். நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் குளிரைப் பற்றிய பயம் நிறைய உண்டு. சூட்டைப் பற்றிய பயம்தான் போதாது.

மதுரையில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். மே முதல் வாரத்தில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை ஓடும் கத்திரியில் கேட்கவே வேண்டாம். விடிவது ஆறு மணி வாக்கில். எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே காலையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் விடிந்ததிலிருந்து ஏழரை மணி வரை. மாலையில் ஏழு மணிக்கு முன்னால் வேண்டாம். சூரியன் மறைய ஆறரை ஆகும். அதன் பிறகும் தெருவில் அனல் இருக்கும். ஏழு மணிக்கு மேல் காற்று திரும்பியதும் பத்து, பதினைந்து நிமிடம் வாசலில் உட்காரலாம். இதில் காலை நேரமே சிறந்தது. இரவெல்லாம் ஆறிய தரை, ஆறிய சுவர், கூட்டமில்லாத தெரு எல்லாம் அப்போதுதான் கிடைக்கும்.

நிழல் என்றால் எல்லா நிழலும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த கல்லும் கான்கிரீட்டும் வெயில் தாழ்ந்த பிறகும் உடனே ஆறுவதில்லை. யானைமலை அடிவாரத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரவிலும் பாறைப் பக்கமிருந்து வெக்கை வருகிறது என்பார்கள். உங்கள் மொட்டை மாடியும் அதே கணக்குதான். சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். உள்ளங்காலுக்குச் சூடு தெரியவில்லை என்றால் குழந்தையோடு ஏறலாம். அப்போதும் தரையில் பாய் போட்டுக் கிடத்தாதீர்கள். மடியிலோ கட்டிலிலோ இருக்கட்டும். மரத்தடி நிழல் வேறு வகை. வேம்பும் புங்கையும் சித்திரையில் புதுத் தழை விட்டு நிற்கும். அவற்றின் கீழே தரை காய்வதில்லை, இலை வழியாக நீராவி போவதால் காற்றும் கொஞ்சம் இதமாக இருக்கும். தெருவில் ஒரு புங்க மரம் இருந்தால் உங்களுக்குப் பூங்காவே வேண்டியதில்லை. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு உள்ள உறவுவீடு இருந்து, போய்வர வசதியும் இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. நிழல் இல்லாத இடத்தில் குடை பிடியுங்கள். முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடாதீர்கள்; தள்ளுவண்டியை வெள்ளைத் துணி போட்டுச் சுற்றி மறைக்காதீர்கள். அந்தத் துணிக்குள் காற்றோட்டம் நின்று, சில நிமிடங்களிலேயே வெளியைவிடச் சூடு கூடிவிடும்.

வெளியே போவது ஆபத்து, உள்ளே இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்தைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கூரை வீடு. சித்திரை மாதம், பிற்பகல். உள்ளே நுழைந்ததும் எனக்கே மூச்சு முட்டியது. காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தார்கள். தூளியில் குழந்தை, கம்பளி நூல் குல்லா, கை உறை, கால் உறை, மேலே ஒரு டர்க்கித் துண்டு. கன்னம் சிவந்து, பால் வேண்டாமல் துவண்டு கிடந்தது. கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. சுற்றியிருந்ததையெல்லாம் அவிழ்த்து, வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தாயை உட்கார வைத்துப் பால் கொடுக்கச் சொன்னேன். சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கையையும் காலையும் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண் விழித்து மார்பைத் தேடியது, சூடும் இறங்கியது. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பித்தான் வைத்தேன். இந்த வயதில் சூட்டால் ஏறியதா, தொற்றால் ஏறியதா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குழந்தையை அப்படிப் போர்த்தி வைத்த பாட்டி கெட்டவர் இல்லை. பேரன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் பார்த்து வளர்ந்த ஓலைக் கூரைவீடு மதியத்தில் குளுமையாக இருந்தது. தகரமும் கான்கிரீட்டும் அப்படி இல்லை. வீடு மாறிவிட்டது, பக்குவம் மாறவில்லை.

உங்கள் வீட்டிலும் காலை, இரவு இரண்டு நேரமும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் விழும் பக்கத்து ஜன்னலை மட்டும் திரை போட்டு மறையுங்கள். மின்விசிறி தாராளமாக ஓடட்டும். ஏர்கூலர், ஏசி இருந்தால் அதுவும் தவறில்லை. காற்று நேராக முகத்தில் அடிக்காமல், அறை இருபத்தாறு டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. மேல்மாடி பொறுக்க முடியாமல் போனால், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை கீழ்வீட்டில் கேட்டு அங்கே இருங்கள். பிள்ளை பெற்றவள் கேட்டால் இந்த ஊரில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒரே அடுக்குப் பருத்தித் துணி போதும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியில் தைத்த ஜப்லாவைவிடச் சிறந்த கோடை உடுப்பு கடையில் கிடையாது. குல்லாவும் உறைகளும் வீட்டுக்குள் வேண்டாம். குழந்தைக்குச் சூடா குளிரா என்று பார்க்க உள்ளங்கையையோ பாதத்தையோ தொடாதீர்கள். அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுப் பெரியவர்கள் போர்வையை எடுக்கிறார்கள். பிடரிக்குப் பின்னால், இரு தோளுக்கு நடுவே உங்கள் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். காற்றும் மெல்லிய துணியும் இருந்தால் வேர்க்குரு தானே அடங்கும்.

இனி காலை வெயில். அத்தை சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதன் கதையைச் சொன்னால் அவருக்கும் பிடிக்கும். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துவந்தார். வெயில் இதமாக இருக்கும் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஒரு நாள் மருத்துவரிடம் ஒரு குழந்தையைக் காட்டினார்; உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது, துணியின் முனை மூடியிருந்த ஒரு முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்துதான், இன்று எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கும் நீலவிளக்குச் சிகிச்சை பிறந்தது; 1958இல் கிரெமர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அதை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் கண் கண்டுபிடித்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

ஆனால் அது இங்கிலாந்து வெயில். காமாலையைக் குறைப்பது வெயிலில் உள்ள நீல ஒளி. அதோடு சேர்ந்து வரும் வெப்பமும் புற ஊதாக் கதிரும் குழந்தையின் தோலைச் சுடும், உடம்பு நீரை வற்ற வைக்கும். நீர் வற்றினால் காமாலை இன்னும் ஏறும். எவ்வளவு ஒளி பட்டது என்று அளக்க வழியில்லாததால் வெயிலை மருந்தாக யாரும் கொடுக்க முடியாது. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் மஞ்சள் தெரிந்து, இரண்டு வாரத்துக்குள் மறைவது இயல்பு. பிறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலோ, மலம் வெளிறிப் போனாலோ, இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். உங்கள் குழந்தைக்கு இரண்டு வாரம் கடந்துவிட்டது; இப்போதும் கண்ணில் மஞ்சள் தெரிகிறது என்றால், நாளைக்கு என்று தள்ளாமல் காட்டிவிடுங்கள்.

எலும்புக்கு வலு வரும் என்று வெயிலில் காட்டுவதும் உண்டு. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர், சூரியன் தாழ்ந்திருக்கும் காலையில் மிகக் குறைவு. அது நிறைய வரும் நண்பகலில் பிள்ளையை வெளியே நீட்டவே கூடாது. ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தக் கதிர் வராது. தாய்ப்பாலிலும் இந்தச் சத்து குறைவுதான். அதனால்தான் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த மருந்தில் எத்தனை சொட்டு என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஆறு மாதம் வரை நேர் வெயில் வேண்டாம், வெயிலுக்குப் பூசும் கிரீமும் வேண்டாம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். கோடை வந்தால், தாகத்துக்குக் குழந்தைக்கு இரண்டு பாலாடைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லாத வீடு இல்லை. கொடுக்கவே கூடாது. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர்தான். மேலே கொடுக்கும் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். இரத்தத்தில் உள்ள உப்பை நீர்க்கச் செய்து வலிப்பு வரை கொண்டுபோகும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு. சீனித் தண்ணீர், தேன், உரைமருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டாலும் கொடுங்கள். நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. வெளியே கிளம்பும் முன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை மார்பில் விடுங்கள்.

குழந்தைக்குத் தண்ணீர் நீங்கள்தான். ஆனால் 'பச்சை உடம்புக்காரி, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும்' என்று ஒரு டம்ளரை அளந்து கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நாற்பது டிகிரி வெயிலில் பால் கொடுக்கும் பெண்ணுக்கு அது பெரும் கொடுமை. தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு எல்லாம் அதனால் வரும். பத்தியச் சோறு இருக்கட்டும், பூண்டுக் குழம்பு இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்க வேண்டும். மோர், இளநீர், கஞ்சி எது பிடிக்கிறதோ அதைக் குடியுங்கள். இதை அம்மாவிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால், உங்கள் பகுதிச் செவிலியரை வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள். காலையிலும் மாலையிலும் வாசலில் சற்று நேரம் உட்காருவது உங்கள் மனதுக்கும் மருந்து. பிரசவமான பெண்ணை ஒரே அறையில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தால் அழுகையும் எரிச்சலும் வருவது இயல்பு. அந்த வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழகர் விஷயத்தில் உங்கள் கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. மதுரையில் பிறந்த பிள்ளைக்கு முதல் சித்திரை. ஆனாலும் வேண்டாம். அழகரை மதுரைக்குள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவிலும், ஆற்றில் இறங்கும் விடியலிலும் வைகைக் கரையிலும் கோரிப்பாளையத்திலும் நெருங்கும் கூட்டத்தில் பெரியவர்களே மயங்கி விழுகிறார்கள். உள்ளே சிக்கினால் நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவே, மேளச் சத்தத்தில், பால் கொடுக்க ஓர் ஓரம்கூடக் கிடைக்காது. நெருக்கத்தில் ஒருவருடைய சளியும் இருமலும் இன்னொருவருக்குப் போவதைத் தடுக்கவும் முடியாது. இந்த வயதில் ஒரு சாதாரணச் சளிகூட மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். அவர் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். தேரும் அழகரும் அடுத்த ஆண்டும் வருவார்கள். அப்போது மகள் அப்பா தோளில் உட்கார்ந்து தானே பார்ப்பாள்.

அம்மா சொல்லும் நாற்பது நாள் வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் உள்ளே இருப்பது இதே கூட்டப் பயம்தான்: பிறந்த பிள்ளைக்குத் தொற்று அண்டக் கூடாது, பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும். அந்தக் காரணத்தை வைத்துக்கொள்ளுங்கள். சந்தை, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தொடட்டும், முத்தம் வேண்டாம், இருமல் இருப்பவர் வாசலோடு நிற்கட்டும். வாசல் மரத்தடிக்கு இந்தத் தடை தேவையில்லை. அந்தி நேரத்தில் காற்றுக்கருப்பு என்று பயந்தால், கன்னத்தில் ஒரு பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை; கண்ணுக்கு மட்டும் மை வேண்டாம். அந்தியில் நான் அஞ்சுவது கொசுவுக்கு. டெங்கு கொசு காலையிலும் மாலை மங்கும் முன்பும்தான் அதிகம் கடிக்கும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசு விரட்டும் களிம்பு பூசக் கூடாது. வலை போடுங்கள், கை கால் மூடும் மெல்லிய பருத்தி உடுப்பு போடுங்கள். கொசுவுக்கென்று சாம்பிராணிப் புகை போட்டு அறையை நிறைக்காதீர்கள், அந்த நுரையீரல் அதைத் தாங்காது.

உசிலம்பட்டிக்கு அத்தை வீட்டுக்குப் போவதை இந்த வெயிலில் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஆரப்பாளையத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில், அல்லது காரில், எட்டு மணிக்குள் வீடு சேரும்படி கிளம்புங்கள். இருசக்கர வண்டியில் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகவே வேண்டாம். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடக் குழந்தையை விட்டுவிட்டு இறங்காதீர்கள், கண்ணாடியை இறக்கியிருந்தாலும் சரி.

வெளியே போவதில் தவிர்க்கவே கூடாதது ஒன்று உண்டு. ஆறாவது வாரத் தடுப்பூசி உங்களுக்குக் கத்திரிக்குள் விழும். வெயிலைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். அன்று மாலை உடம்பு சுடலாம். அதற்கு என்ன செய்வது என்று ஊசி போடும் செவிலியரிடமே கேட்டு வாருங்கள், பயந்து போர்த்திவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கக்கத்தில் 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. அதைத் தாண்டினால், துணியைக் கழற்றி, குளுமையான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், கையில் இருக்கும் காய்ச்சல் மருந்தை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். இந்த வயதுக் காய்ச்சல் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். பால் மறுத்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் துவண்டாலோ, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ, நிமிடத்துக்கு அறுபது மூச்சுக்கு மேல் வாங்கினாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ நடுராத்திரி ஆனாலும் 108ஐ அழைத்துவிடுங்கள். போகும் வழியில், விழுங்கும் நிலையில் இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போங்கள். கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் போனது, கடைசியாகப் பார்த்த சூடு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.